தின்றது யார்? டோம்பிவிலித் தொட்டிச் செடிகளில் ஒரு விசாரணை

ஜூலை மாதம். டோம்பிவிலி கிழக்கில் எங்கள் பில்டிங்கின் மூன்றாம் மாடி. இரண்டு நாளுக்கு முன்புவரை தளதளவென்று நின்ற கறிவேப்பிலைச் செடியில் ஈர்க்கு மட்டும் மிஞ்சியிருந்தது. எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “புறாதான். சீக்கிரம் வலை கட்டுங்கோ” என்றார். கீழ்வீட்டு மராத்திக் காக்கூவுக்கு எலி மேல் சந்தேகம். நர்சரியில் சொன்னபோது, செடியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு பாட்டில் மருந்தை எடுத்து வைத்தார்கள். மூன்றுமே தவறு. ஈர்க்கோடு ஈர்க்காக ஒட்டிக்கொண்டு ஐந்து புழுக்கள் இருந்தன. இரண்டு, கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இருந்தன. மற்ற மூன்றும் சற்றுப் பருத்து, கறிவேப்பிலையின் பச்சையோடு பச்சையாகக் கிடந்தன. குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று நீண்டு, காரமான வாடை வீசியது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள்.

அந்த மருந்தை வாங்கி அடித்திருந்தால் புழு செத்திருக்கும். துளிர்த்த பிறகு ரசத்தில் கிள்ளிப் போட்ட இலையிலும் அந்த மருந்து இருந்திருக்கலாம். கையால் பொறுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. தொட்டிகளில் காய்கறி வளர்க்கும் இந்த ஊர்க் குடும்பங்களோடு சில வருடங்களாகப் பேசிப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது: செடி போவதற்குப் பாதிக் காரணம் பூச்சி, மீதிப் பாதி ஆளை மாற்றிப் பிடிப்பது. புறாவுக்கு வலை கட்டுகிறோம், தின்றது நத்தை. எறும்புக்குப் பொடி போடுகிறோம், உறிஞ்சியது மாவுப்பூச்சி. பொறிவண்டை நசுக்குகிறோம், அசுவினி பெருகுகிறது.

இதைச் சொல்லித்தர நூல்கள் இல்லாமல் இல்லை. பூசாவில் பணியாற்றிய ஹெரால்டு மாக்ஸ்வெல் லெஃப்ராய் 1906-இலேயே இந்தியப் பயிர்ப் பூச்சிகளைத் தொகுத்து நூல் எழுதினார். 1914-இல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து பெயின்பிரிக் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய பெரிய நூல் வந்தது. கோயம்புத்தூரில் பணியாற்றிய டி.வி. ராமகிருஷ்ண ஐயர் 1940-இல் தென்னிந்தியாவுக்கான பூச்சியியல் கையேட்டை வெளியிட்டார். இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழிலேயே படத்தோடு இணையத்தில் தருகிறது. கொங்கணத்துக்கென்று டாபோலியில் 1972 முதல் தனி வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் பயிரின் பெயரில் தொடங்கி, பூச்சியின் பெயருக்குப் போய், கடைசியில்தான் சேதத்தின் அடையாளத்துக்கு வருகின்றன. ஒரே பயிரை ஏக்கர் கணக்கில் போடும் விவசாயிக்கு இந்த வரிசை சரி. கேலரி என்கிற பால்கனியில் பன்னிரண்டு தொட்டியில் பன்னிரண்டு செடி வைத்திருப்பவர் கையில் இருப்பது ஓட்டை விழுந்த ஓர் இலை மட்டும். அவருக்கு அந்த ஓட்டையிலிருந்து பூச்சிக்குப் போகும் வழி வேண்டும்.

இன்னொரு சிக்கல் மும்பைப் பக்கத் தமிழர்களான நமக்கே உரியது. தமிழ்க் கையேடுகளின் பருவக் கணக்கு தமிழ்நாட்டுக்கு எழுதப்பட்டது. ஆடிப் பட்டம் என்று ஊரில் கேட்டு வளர்ந்தவர்கள் டோம்பிவிலியிலும் ஆடியில் விதைக்கிறார்கள். இங்கே ஆடி என்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை, கொங்கண மழை கொட்டித் தீர்க்கும் நாட்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை பெறும் இந்தப் பக்கத்தில் அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் விழுந்துவிடுகிறது. விதை அழுகும், முளைத்தது நத்தைக்குப் போகும். ஊரிலிருந்து பெரியம்மா அனுப்பிய புடலை விதை முளைக்கவில்லை என்று யாராவது வருத்தப்பட்டால், விதையைக் குறை சொல்லுமுன் விதைத்த தேதியைக் கேட்க வேண்டும்.

சரி, ஓட்டையிலிருந்து தொடங்குவோம். முதல் கேள்வி: இலையில் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா, இல்லை எல்லாம் இருந்தும் நிறமோ வடிவமோ மாறியிருக்கிறதா? காணாமல் போயிருந்தால் கடித்துத் தின்னும் வாய். சுருண்டோ வெளுத்தோ பிசுபிசுத்தோ இருந்தால் உறிஞ்சும் வாய். இந்த ஒரு கேள்வியே சந்தேகப் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும். அடுத்து, தின்றவர் விட்டுப் போனது என்ன என்று பார்க்க வேண்டும். புழு தின்றால் புழுக்கை இருக்கும். தொட்டியின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து இரவு முழுக்க விட்டால் காலையில் கடுகு மணிபோல விழுந்திருக்கும். ஈரமும் பச்சையும் இருந்தால் புழு இன்னும் மேலே இருக்கிறது. காய்ந்து கறுத்தது மட்டும் கிடந்தால் அது போய்விட்டது அல்லது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிட்டது. புழுக்கைக்கு நேர் மேலே உள்ள கிளையில் தேடினால் பெரும்பாலும் அகப்படும். நத்தை தின்றால் வெள்ளி இழைபோலக் காய்ந்த கோழைத் தடம். எலி என்றால் தண்டில் சாய்வான வெட்டும் கொறித்த காயில் இரட்டைப் பல் தடமும். புறா விதையைப் பொறுக்கும், இளநாற்றைப் பிடுங்கிப் போடும். பிடுங்கிய நாற்று அருகிலேயே கிடக்கும். புல்புல் குருவி பழுத்த தக்காளியையும் மிளகாயையும் கொத்தும். காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை.

மழை மாதங்களில் டோம்பிவிலியின் முதல் குற்றவாளி யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஆப்பிரிக்கப் பெருநத்தை. அதன் கதையே ஒரு தோட்டத்திலிருந்து தொடங்கியது. சிப்பி, நத்தைகளை ஆராய்ந்த வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி, மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்த நத்தைகள் 1847-இல் கல்கத்தாவின் சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அங்கிருந்து மண்ணோடும் செடியோடும் நாடு முழுக்கப் பரவின. 2022 ஜூலையில் மராட்வாடாவின் லாத்தூர், பீட் பக்கங்களில் முளைத்த சோயாவை வயல் வயலாக நத்தைகள் அழித்தபோதுதான் மகாராஷ்டிரத்தில் பலர் இதைத் திரும்பிப் பார்த்தார்கள். பில்டிங் காம்பவுண்டில் மழை தொடங்கியதும் சுவரேறும் அந்தப் பழுப்புக் கூடுகள் இதே இனம். கூடு வளர சுண்ணாம்பு வேண்டும் என்பதால் சுவரின் பூச்சைக்கூடச் சுரண்டும். இரவில் ஏறி, கத்தரி, அவரை, சாமந்தி, பப்பாளி என்று எதையும் விடாது. நடு நரம்பைக்கூட மிச்சம் வைக்காமல் ஒழுங்கற்ற பெரிய ஓட்டைகளாகத் தின்னும், இளநாற்றை அடியோடு முடித்துவிடும். விடியுமுன் தொட்டிக்கு அடியிலும் பழைய சாக்கின் கீழும் ஒளிந்துகொள்ளும். பகலில் செடியைப் பார்ப்பவருக்கு ஓட்டை மட்டும்தான் தெரியும். பழி புறாவுக்குப் போவது இதனால்தான்.

மண்ணில் ஒரே இடத்தில் நத்தையின் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள், மஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் சின்ன உருண்டைகளாக இருக்கும். உரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மழை நின்றதும் நத்தை தன் கூட்டின் வாயைச் சவ்வால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும் என்பதால் அக்டோபரில் காணாமல் போனது ஒழிந்ததாக ஆகாது. ஈரச் சாக்கைத் தரையில் போட்டு, அதற்கு அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோசுத் தழையோ வைத்தால் காலையில் மொத்தமாகக் கிடைக்கும். தொட்டி மண்ணில் உப்பு கொட்டுவதை நான் கண்டிக்கிறேன். நத்தையோடு மண்ணும் சாகிறது. பொறுக்கி, வெளியே உப்பு நீரிலோ சோப்பு நீரிலோ போடுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தையின் உடலில் வளர்கின்றன. அவை மனிதருக்குள் போனால் மூளையுறையில் அழற்சி வரலாம். குழந்தைகள் இந்த நத்தையை வைத்து விளையாடுவதைப் பார்க்கும்போது என் வயிறு கலங்குகிறது. நத்தை ஏறிய கீரையைப் பச்சையாகத் தின்னாமல் நன்றாகக் கழுவி வேகவைக்க வேண்டும்.

மழையில் இன்னொரு குழப்பம் உண்டு. பசலை, பாலக் இலைகளில் வட்ட வட்டமாக, ஓரத்தில் செம்பழுப்பு வளையத்தோடு புள்ளி வந்து, நடுப்பகுதி காய்ந்து உதிர்ந்து ஓட்டையாகிவிடும். பார்ப்பவர் பூச்சி என்றுதான் நினைப்பார். அது பூஞ்சணம். ஓட்டையைச் சுற்றி வளையம் இருந்தால், ஓட்டை ஆகாத புள்ளிகளும் அதே இலையில் இருந்தால், தேட வேண்டியது பூச்சியை அல்ல. தொட்டிகளை நெருக்கி வைத்ததையும் இலை மேல் தண்ணீர் ஊற்றுவதையும்தான் பார்க்க வேண்டும்.

கத்தரிக்கு வருவோம், தமிழர் வீட்டில் தொட்டியில் முதலில் வைக்கும் காய் இதுதானே. கத்தரியில் மூன்று தடயங்கள். நுனித் தளிர் ஒன்று மட்டும் மதியத்தில் தலை தொங்கி, மாலையிலும் நிமிரவில்லை என்றால் தண்ணீர்க் குறை அல்ல, உள்ளே புழு. தளிரைக் கிள்ளிப் பிளந்து பார்த்தால் இளஞ்சிவப்பான சின்னப் புழு இருக்கும். தண்டும் காயும் துளைக்கும் இந்தப் புழு காய்க்குள் போகும்போது போட்ட துளை காம்பின் அடியில் ஊசிமுனை அளவில் இருந்து மூடிவிடும். காயில் நம் கண்ணுக்குப் படும் பெரிய துளை, புழு வெளியேறிய வாசல். சந்தையில் ஓட்டையுள்ள காயை ஒதுக்கிவிட்டு ஓட்டையில்லாததை அரிந்தால் உள்ளே புழு இருப்பது இதனால்தான். தொங்கும் தளிரை ஒரு சாண் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுவது, தொட்டி அளவில், எந்த மருந்தையும் விடப் பலன் தரும். இந்த ஒரு புழுவுக்காகத்தான் ஜால்னாவின் மஹிகோ நிறுவனம் மரபணு மாற்றிய கத்தரியை உருவாக்கியது. 2010 பிப்ரவரி 9-இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். வங்கதேசம் 2013-இல் அனுமதித்தது. நாடுகளின் கொள்கையையே இழுத்த புழு என்பதால், அதை அடையாளம் காண்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கத்தரியின் இரண்டாவது தடயம், இலையின் பச்சை மட்டும் சுரண்டப்பட்டு, நரம்புகள் ஏணிப்படிபோல மிஞ்சி, இலை சல்லடையாகக் காய்வது. செய்வது இருபத்தெட்டுப் புள்ளி வண்டு. இங்கேதான் பெரிய அநியாயம் நடக்கிறது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் இதுவும் பார்க்க ஒரே சாயல், இரண்டும் அரைக்கோளம், இரண்டும் புள்ளி. வேறுபாடு மெருகில் இருக்கிறது. நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல மின்னும். இலை தின்னும் வண்டின் முதுகு மங்கிய செம்பு நிறம், மேலே மெல்லிய மயிர் படிந்து தூசி ஏறியதுபோல இருக்கும். குஞ்சுகளில் இன்னும் தெளிவு: தின்னும் வண்டின் புழு மஞ்சளாக உடம்பெல்லாம் முள்ளோடு இலையின் அடியில் அசையாமல் இருக்கும். நல்லதின் புழு கறுப்பில் ஆரஞ்சுப் பட்டையோடு, குட்டி முதலை போல அசுவினிக் கூட்டத்தில் ஓடித் திரியும். என் செடியில் முதல் வருடம் நான் நசுக்கியவை பெரும்பாலும் நல்லவை என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மூன்றாவது, கத்தரியில் ஒரே ஓர் இலை கண்ணாடித் தாள்போல வெளுத்து, அதன் அடியில் நூற்றுக்கணக்கான இளம்புழுக்கள் கூட்டமாக இருப்பது. ஊரில் புரோடீனியா என்று சொல்லும் புகையிலை வெட்டுப்புழு. முட்டைக் குவியலின் மேல் பழுப்பு மயிர் போர்த்தியிருக்கும். அந்த ஓர் இலையைப் பறித்து அழித்தால் பிரச்சினை முடிந்தது. இரண்டு வாரம் விட்டால் புழுக்கள் பிரிந்து, பகலில் மண்ணுக்குள் ஒளிந்து, இரவில் எல்லாத் தொட்டியிலும் ஏறும். அப்போது யார் தின்றது என்பதே தெரியாது.

இலையில் வெள்ளைக் கோடு பாம்புபோல வளைந்து போனால் சுருள்பூச்சி ஈயின் புழு. இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே சுரங்கம் தோண்டுகிறது. 1990-ஐ ஒட்டி வெளிநாட்டுச் செடிகளோடு இந்தியாவுக்குள் வந்தது. தக்காளியில் கோடாக இல்லாமல் அகன்ற வெளிர்த் திட்டாகவும், காயின் காம்போரம் குண்டூசி குத்தியதுபோலத் துளையாகவும் இருந்தால் அது வேறு, தென்னமெரிக்காவிலிருந்து வந்த தக்காளி ஊசிப்புழு. இந்தியாவில் அதை முதலில் 2014-இல் கண்டது புனே பக்கத்தில்தான்.

வெண்டையில் தின்னாமலே கெடுப்பவர் வருகிறார். இலை நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்து, காய் வெளுத்துக் கட்டையாகும் நோயை முதலில் 1924-இல் குல்கர்னி என்ற ஆய்வாளர் பதிவு செய்தது பம்பாய் மாகாணத்தில். நூறு வருடம் ஆன பின்னும் இங்கே அதைச் சத்துக்குறை என்று நினைத்து எப்சம் உப்பு கரைத்து ஊற்றுகிறார்கள். அது வைரஸ். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது வெள்ளை ஈ. செடியை லேசாகத் தட்டினால் வெண்பொடி பறப்பதுபோல எழும்பி மறுபடி உட்காரும். மஞ்சள் ஒட்டு அட்டையில் ஈ சிக்கும், ஆனால் நோய் வந்த செடி திரும்பாது. அதைப் பிடுங்கிவிட வேண்டும். பர்பணி வேளாண் பல்கலைக்கழகம் தந்த பர்பணி கிராந்தி ரகம் இந்த நோயைத் தாங்குவதற்கென்றே வந்தது. நர்சரியில் விதை வாங்கும்போது ரகத்தின் பெயர் கேட்பதை நாம் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மிளகாய் இலைச் சுருட்டு, எல்லா வீட்டிலும் கேட்கும் புகார். இதில் எனக்குப் பிடித்த அடையாளம் ஒன்று உண்டு. இலையின் ஓரம் மேல்நோக்கிப் படகுபோல மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் குடைபோலக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, தளிர் இறுகினால் மஞ்சள் சிலந்திப்பேன். முன்னது பூச்சி, ஆறு கால். பின்னது சிலந்திச் சாதி, எட்டுக் கால். பூச்சிக்கான மருந்து பெரும்பாலும் சிலந்திப்பேனைக் கொல்லாது. அதைத் தின்னும் எதிரிகளைக் கொன்று அதைப் பெருக்கியே விடும். சோதிக்கச் செலவில்லை: தளிரை வெள்ளைத் தாளின் மேல் தட்டி ஒரு நிமிடம் பாருங்கள். நீண்டு மெலிந்து ஊர்ந்தால் இலைப்பேன். புள்ளியாக மெல்ல நகர்ந்தால் சிலந்திப்பேன். இரண்டும் இல்லாமல், இலை சிறுத்து மஞ்சளோடி ஒழுங்கற்றுச் சுருண்டிருந்தால் மறுபடி வெள்ளை ஈயும் வைரசும்.

இனி எறும்பு. வாட்ச்மேனிலிருந்து சொசைட்டி செக்ரட்டரிவரை எல்லோரும் குற்றம் சாட்டுவது எறும்பைத்தான். செடியில் வரிசையாக எறும்பு ஏறினால் அது தின்ன ஏறவில்லை, பால் கறக்க ஏறுகிறது. மேலே எங்கேயோ அசுவினியோ மாவுப்பூச்சியோ சர்க்கரைப் பாகுபோன்ற கழிவைச் சொட்டுகிறது. எறும்பு அதை நக்குகிறது, பதிலுக்குப் பொறிவண்டை விரட்டிக் காவல் இருக்கிறது. கீழே உள்ள இலை பளபளவென்று பிசுபிசுத்தால், பிறகு கரி பூசியதுபோலக் கறுத்தால், மேலே பாருங்கள். குளிர்காலத்தில் அவரைப் பூங்கொத்தில் கறுப்பு அசுவினி. கோடையில் செம்பருத்தி, கத்தரி, கொய்யா, பப்பாளியில் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி. எறும்பு, செடியைப் பற்றி நமக்குத் தகவல் சொல்லும் ஆள். அதன் பின்னால் போனால் திருடன் வீட்டுக்கே போய்ச் சேரலாம்.

மாவுப்பூச்சி என்றால் ஒரு நல்ல செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாட்டைப் பதற வைத்தது. மருந்து அடித்து அடித்து ஓய்ந்தார்கள். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆராய்ச்சி அமைப்பு 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, கண்ணுக்குத் தெரிவதே கடினமான ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டது. சில மாதங்களிலேயே பூச்சி அடங்கியது. இத்தனைக்கும் முதல் படி, ‘இது நாம் பழகிய மாவுப்பூச்சி அல்ல, வேறு இனம்’ என்று சரியாக அடையாளம் கண்டதுதான். தவறாகப் பெயர் வைத்திருந்தால் எந்த நாட்டில் எதிரியைத் தேடுவது என்பதே தெரிந்திருக்காது. தொட்டிச் செடிக்கும் இது பொருந்தும் ஓர் எச்சரிக்கை: மாவுப்பூச்சிக் கூட்டத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாய், வெள்ளைத் திரி திரியாக, வேகமாக ஊரும் ஒன்றைக் கண்டால் நசுக்காதீர்கள். அது 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த பொறிவண்டின் குஞ்சாக இருக்கலாம். வெள்ளை வேடத்தில் மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருக்கும்.

கொடி வகையில் சுருக்கமாகச் சொல்கிறேன். பூசணி, சுரை நாற்றின் முதல் இரண்டு இலையில் வட்ட ஓட்டைகள் விழுந்தால் ஆரஞ்சு நிறப் பூசணி வண்டு. காலை வெயில் ஏறுமுன் மந்தமாக இருக்கும்போது கையால் பிடிக்கலாம். பாகல் பிஞ்சு ஒரு பக்கம் கோணி, ஒரு புள்ளியில் பிசின் கசிந்து, வயது வருமுன் மஞ்சளானால் பழ ஈ. காகிதப் பையைப் பிஞ்சிலேயே மாட்டிவிட்டால் ஈ முட்டையிட முடியாது. விழுந்த காயைத் தொட்டியிலேயே விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி அடுத்த ஈயாக வரும். முளைக்கீரையில் இலைகள் மடிந்து நூலால் தைத்ததுபோல இருந்தால் இலைப்பிணைப்புப் புழு. நம் வீட்டில் சேம்பு, மராத்தி வீட்டில் அளுவடிக்கான அளு, எதுவானாலும் அந்த அகன்ற இலை ஒரே இரவில் காணாமல் போனால் வால் நுனியில் கொம்புள்ள பெரிய புழுவைத் தேடுங்கள். ரோஜாவிலும் துவரையிலும் இலை ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல அரைவட்டம் தெரிந்தால் இலைவெட்டித் தேனீ. அது கூட்டுக்குத்தான் எடுத்துப் போகிறது, தின்பதில்லை. விட்டுவிடுங்கள், உங்கள் துவரையில் காய் பிடிக்க அவள் வேண்டும்.

டோம்பிவிலியில் மட்டும் சேர்க்க வேண்டிய ஒரு சந்தேகம் இருக்கிறது. காற்று. 1960-களில் தொழிற்பேட்டை வந்து, அதன் ரசாயன ஆலைகளை ஒட்டியே குடியிருப்பு வளர்ந்த ஊர் இது. 2014 ஜனவரியில் பச்சை நிற மழையும் 2020 பிப்ரவரியில் இளஞ்சிவப்பு நிறச் சாலையும் செய்தியான இடம். இந்த ஊரில் இலை கருகினால் பூச்சி, பூஞ்சணம் என்ற இரண்டோடு நிறுத்த முடியாது. கந்தகப் புகை பட்டால் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளுத்துக் காயும். பூச்சியிலிருந்து பிரித்தறிய நான் வைத்திருக்கும் கேள்வி இது: ஒரே நாளில், ஒரே பக்கம் பார்த்த, உறவே இல்லாத செடிகள் எல்லாம் சேர்ந்து பாதிக்கப்பட்டனவா? பூச்சிக்கு விருப்பச் செடி உண்டு. கத்தரி தின்னும் வண்டு துளசிக்குப் போகாது. காற்றுக்கு அந்தத் தேர்வு கிடையாது. தக்காளி, துளசி, செம்பருத்தி, கீரை நான்கும் ஒரே இரவில் ஒரே மாதிரி கருகினால் மருந்து தேடாதீர்கள். தேதியும் நேரமும் காற்று வந்த திசையும் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். முறையிட நேர்ந்தால் அதுதான் சாட்சி.

படம் என்றதும், கைப்பேசிச் செயலிகளைக் கேட்பார்கள். இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயர் சொல்லும் பிளாண்டிக்ஸ் போன்ற செயலிகள் தமிழிலும் மராத்தியிலும் கிடைக்கின்றன. நான் பயன்படுத்துகிறேன், உதவியாக இருக்கிறது. ஆனால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பாமல், புழுக்கையைப் பார்க்காமல், இரவில் போகாமல் எடுத்த படத்துக்குச் செயலியாலும் ஊகம்தான் சொல்ல முடியும். 2004-இல் தொடங்கிய அரசின் கிசான் கால் சென்டர் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் இயங்குகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பயிர் மருத்துவ முகாம் நடத்தியிருக்கிறது. விவசாயி நோயுற்ற செடியையே கையில் கொண்டுவந்து மேசையில் வைப்பார். தோட்டக்காரரின் கையில் இருக்கும் தடயத்திலிருந்து தொடங்கும் முறை அது. மும்பைத் தமிழ்ச் சங்கங்களும் சொசைட்டிகளும் வருடத்துக்கு இரண்டு முறை, மழை தொடங்குமுன் ஒன்றும் தீபாவளிக்குப் பின் ஒன்றும் இப்படி ஒரு மேசை போட்டால், மாதுங்காவிலிருந்து செம்பூர், டோம்பிவிலிவரை எத்தனை பாட்டில் மருந்து மிச்சமாகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயர் தெரியாத பூச்சிக்கு மருந்து கிடையாது. மோனோகுரோட்டோபாஸ் போன்ற கடும் விஷத்தைக் காய்கறியில் தெளிக்கக் கூடாதென்று 2005-இலேயே அரசு தடுத்துவிட்டது. கேலரி என்பது வயல் அல்ல, இரண்டடி தள்ளிக் குழந்தையின் துணி காயும் இடம். உறிஞ்சும் பூச்சிக்கு முதலில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, பிறகு சோப்பு கரைத்த வேப்பெண்ணெயை மாலையில் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும். தின்னும் புழுவுக்குக் கைதான். துளைக்கும் புழுவுக்குக் கிள்ளுவதுதான். நத்தைக்குச் சாக்கு. வைரசுக்குப் பிடுங்குவது. எது எதற்கு என்பது, யார் என்று தெரிந்த பிறகு தானே வரும்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒன்பது, ஒன்பதரை மணிக்கு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் தொட்டிகளிடம் போங்கள். இலையின் அடியில் வெளிச்சம் அடியுங்கள், தொட்டியைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். கண்டதைத் தேதி போட்டு ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். ஒரு வருடம் எழுதினால், டோம்பிவிலியில் எந்த மாதம் எதைத் தின்ன யார் வருகிறார்கள் என்ற பட்டியல் உங்கள் வீட்டில் இருக்கும். அப்படி ஒரு பட்டியல் தமிழில் இந்த ஊருக்கென்று எழுதப்பட வேண்டும். எழுதியவர்கள் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.